கறிவேப்பிலைக்குள் ஒரு தரங்கம்பாடி டாக்டர்

ஏற்காட்டில் பெயர்ப்பலகை மாட்டிய மரங்களுக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது: “ஏனுங்க, இந்த லத்தீன் பேரெல்லாம் யாரு படிக்கிறதுக்குங்க? செண்பகம்னு தமிழ்ல எழுதினா ஆகாதா?” கேட்பவர் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. பலகை வைப்பதே மரத்தைத் தெரிந்துகொள்ள வந்தவருக்காகத்தான். அவருக்குப் புரியாததை எழுதி வைத்து என்ன லாபம்? ஆனாலும் ‘தூக்கிப் போடு’ என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. ‘அறிவியல் பெயர்னா அப்படித்தான் இருக்கும்’ என்று எதிர்ப்பக்கம் நிற்பவர்களோடும் ஒட்ட முடியவில்லை. அந்த லத்தீன் சொற்களில் கணிசமானவை மரத்தைப் பற்றியவையே அல்ல, மனிதர்களைப் பற்றியவை என்பதை இரண்டு தரப்பும் கவனிப்பதில்லை. தனக்கு முன்னால் உழைத்த ஒருவருக்கு இன்னொருவர் செய்த மரியாதையைச் செடி சுமந்துகொண்டு நிற்கிறது. அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை, சேர்ந்தது எந்த விதியால் பறிபோனது என்பதெல்லாம் தமிழா லத்தீனா என்ற சண்டையைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகங்களில் அதன் பெயர் முர்ராயா கோனிகிஇ. முதல் சொல் பேரினத்தின் பெயர், அதாவது உறவுள்ள செடிகளின் கூட்டம். இரண்டாவது இனச்சொல், அந்தக் கூட்டத்துக்குள் இந்தச் செடியை மட்டும் குறிப்பது. முதல் சொல்லுக்குள் இருப்பவர் யோஹான் ஆண்ட்ரியாஸ் முர்ரே. ஸ்வீடனில், இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் படித்து, ஜெர்மனியில் பேராசிரியராக இருந்தவர். இரண்டாவது சொல்லுக்குள் இருப்பவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். அவரும் லின்னேயஸின் மாணவர்தான். 1768இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்து, சோழமண்டலக் கரையில் செடி சேகரித்து அலைந்து, 1785இல் இந்தியாவிலேயே இறந்துபோனார். ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பேரைத்தான் நாம் தினமும் ரசத்தில் தாளித்துக்கொண்டிருக்கிறோம்.

வாத்தியார் இந்தச் செடியை அச்சேற்றிய நூல் 1771இல் வந்த ‘மான்டிஸ்ஸா பிளான்டாரும்’ என்பதன் இரண்டாம் பகுதி. தராசில் எடையைச் சரிக்கட்டக் கடைசியாகப் போடும் துண்டுக்கு லத்தீனில் மான்டிஸ்ஸா என்று பெயர். நம் சந்தை மொழியில் கொசுறு. பெரிய நூல்கள் அச்சாகி முடிந்த பிறகு வந்து சேர்ந்த செடிகளையெல்லாம் லின்னேயஸ் அந்தத் தலைப்பில் போட்டார். தாதகாப்பட்டி உழவர் சந்தையில் காய் வாங்கிவிட்டு ‘ரெண்டு கொத்து கறிவேப்பிலை போடுங்க’ என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு இந்தத் தற்செயல் பிடிக்கும்.

அந்த நூலில் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் முர்ராயா அல்ல, பெர்கெரா கோனிகிஇ. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தாவரவியலாளர் ஸ்பிரெங்கல் அதை முர்ராயா பேரினத்துக்கு மாற்றினார். இப்போது மறுபடி பிரித்து, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பட்டியலில் பெர்கெரா கோனிகிஇ என்றே போட்டிருக்கிறார்கள். பெர்கெரா, முர்ராயா, திரும்பவும் பெர்கெரா என்று முன்சொல் இத்தனை தடவை இடம் மாறியும் பின்சொல்லில் இருந்த கோனிக் அசையவே இல்லை. இதை ஒரு விதியே காப்பாற்றுகிறது. ஒரு செடியை வேறு பேரினத்துக்கு மாற்றும்போது பழைய இனச்சொல்லையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். புதிய இடத்தில் அதே சொல் ஏற்கெனவே வேறு செடிக்கு இருந்தால் விலக்கு உண்டு. அந்த இடமாற்றத்தின் வரலாறுதான் பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறி. ‘முர்ராயா கோனிகிஇ (லி.) ஸ்பிரெங்.’ என்றால், இனச்சொல்லை முதலில் வைத்தவர் லின்னேயஸ், இப்போதைய பேரினத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்பிரெங்கல். பெர்கெராவுக்குத் திரும்பியதும் அடைப்புக்குறி போய்விடும், ‘லி.’ மட்டும் நிற்கும். பலகை எழுதுகிறவர்கள் ஆசிரியர் பெயரை அலங்காரம் என்று நினைத்து அடைப்புக்குறியைத் தங்கள் விருப்பத்துக்கு வைக்கிறார்கள், எடுக்கிறார்கள். வைத்தவரையும் மாற்றியவரையும் குழப்பிவிடும் தவறு அது.

செண்பகத்தில் கதை வேறு மாதிரி. லின்னேயஸ் 1753இல் ‘ஸ்பீசீஸ் பிளான்டாரும்’ நூலில் வைத்த பெயர் மிக்கேலியா சம்பகா. பியர் அன்டோனியோ மிக்கேலி ஃபிளாரன்ஸ்காரர். காளான் போன்றவை தானாக முளைப்பதில்லை, நுண்ணிய வித்துத்துகளிலிருந்து வளர்கின்றன என்று விதைத்துக் காட்டியவர். இன்று மிக்கேலியா முழுவதும் மக்னோலியாவுக்குள் கரைந்துவிட்டது. செண்பகம் இப்போது மக்னோலியா சம்பகா. மக்னோலியாவுக்குள் இருப்பவர் மோன்பெல்லியே நகரத்துப் பியர் மக்னோல். ஆக ஃபிளாரன்ஸ்காரர் போய்விட்டார், பிரெஞ்சுக்காரர் வந்துவிட்டார், ‘சம்பகா’ என்ற நம் ஊர்ச் சொல் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது. பழைய பலகைகளில் மிக்கேலியா இருந்தால் அது பிழை அல்ல, பழசு. புதிய பலகை செய்யும்போது மாற்றினால் போதும்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்ட கருத்து இது: ஒருவருக்குப் பேரினப் பெயர் கொடுப்பது பெரிய மரியாதை, ஆனால் ஆட்டம் காணும் மரியாதை. இனச்சொல்லில் ஒட்டிக்கொள்வது பார்க்கச் சின்னது, தாக்குப்பிடிப்பது அதிகம்.

தலைப்பில் இருப்பது தற்பெருமை அல்ல

ஆட்களின் பெயருக்கு முன்னால் புத்தகத் தலைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லத்தீன் தலைப்பு வைத்தாலே படித்த திமிர் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. உண்மையில் அந்தக் காலத்துத் தாவரவியல் நூலின் தலைப்பு ஒரு வாக்குறுதி. தமிழில் அந்தாதி, கோவை, உலா என்றதுமே உள்ளே என்ன வடிவம் என்று தெரிந்துவிடுகிற மாதிரி, அங்கே ‘ஃப்ளோரா’ என்றால் ஒரு நிலப்பரப்பின் செடிகள் முழுவதும் வரும். ‘ஐகோன்ஸ்’ என்றால் படம்தான் முதல், எழுத்து அதற்குத் துணை. ‘ஹார்டஸ் சிக்கஸ்’ என்றால் உலர்ந்த தோட்டம், அதாவது அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிய செடிகள். ‘ஹார்டஸ்’ மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ‘ஹார்டஸ் மலபாரிகஸ்’ எந்தத் தோட்டத்தையும் பற்றியதல்ல, மலபார் முழுவதையும் தோட்டமாகப் பார்த்த தலைப்பு.

தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மூன்று தலைப்புகளை வரிசையாக வைத்தால் அவருடைய வேலைத் திட்டமே தெரியும். கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைக்குப் பொறுப்பாகவும் இருந்தவர். 1834இல் ஆர்னட்டோடு சேர்ந்து ‘ப்ரோட்ரோமஸ்’. தென்னிந்தியத் தாவரங்களின் முன்னோட்டம், முழு நூல் பின்னால் வரும் என்று அறிவிக்கும் சொல் அது. முதல் தொகுதியோடு நின்றுபோனது. 1838இலிருந்து 1853 வரை ‘ஐகோன்ஸ் பிளான்டாரும் இண்டியே ஓரியன்டாலிஸ்’, 6 தொகுதிகள், 2101 தட்டுகள் (அதாவது அச்சுப் படங்கள்), மதராஸில் அச்சானது. இடையில் நீலகிரிச் செடிகளுக்காக ‘ஸ்பிகிலேஜியம் நீல்கெரென்ஸே’. அறுவடை முடிந்த வயலில் விடுபட்ட கதிர்களைப் பொறுக்குவதுதான் ஸ்பிகிலேஜியம். எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று சொல்லாமல், கண்ணில் பட்டதை எடுத்தேன் என்று சொல்லும் தலைப்பு. இத்தனைக்கும் ப்ரோட்ரோமஸைத் திறந்தால் உள்ளே விவரணை ஆங்கிலம்! லத்தீன் வாசலில் மட்டும் நிற்கிறது.

வைட்டுக்குப் பிறகு வனத்துறையில் இருந்த பெடோம் 1868 முதல் 1874 வரை ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். அதற்கும் ‘ஐகோன்ஸ் பிளான்டாரும் இண்டியே ஓரியன்டாலிஸ்’ என்றே பெயர். இன்று யாராவது இப்படிச் செய்தால் தலைப்பைத் திருடிவிட்டார் என்று சண்டைக்குப் போவோம். அன்று அது, முன்னவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன் என்பதற்கான அடையாளம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தட்டு எண்ணை மாற்றி எழுதும் குளறுபடி ஆய்வேடுகளில் நடக்கும். ‘ஐகோன்ஸ், தட்டு 150’ என்று மட்டும் எழுதினால் யாருடைய 150 என்று தெரியாது. தலைப்போடு ஆசிரியர் பெயரும் வரவேண்டும்.

தமிழுக்கே இந்த வாசல் உண்டு. சீகன்பால்கு 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணம் ‘கிராமாடிகா தமுலிகா’. வீரமாமுனிவர் செந்தமிழுக்கு எழுதிய லத்தீன் இலக்கணத்தின் தலைப்பு ‘கிளாவிஸ்’ என்று தொடங்குகிறது. திறவுகோல். அவர் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1876இல் தரங்கம்பாடியில்தான் அது அச்சேறியது.

இரண்டாம் டயோஸ்கொரிடீஸும் பாரதியின் தாசனும்

அதே ஹாலே நகரில் இன்றும் லியோபால்டினா என்ற அறிவியல் கழகம் இருக்கிறது. 1652இல் வேறொரு ஊரில் நான்கு மருத்துவர்கள் தொடங்கியது. அங்கே உறுப்பினராகச் சேர்பவருக்கு ஒரு புனைபெயர் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. பழைய அறிஞர் ஒருவரின் பெயரை எடுத்துச் சூட்டுவார்கள். லின்னேயஸுக்குக் கிடைத்தது ‘டயோஸ்கொரிடீஸ் செகுண்டஸ்’. கிரேக்க மூலிகை நூல் எழுதிய டயோஸ்கொரிடீஸின் இரண்டாம் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அம்பான் தீவில் பார்வை போன பிறகும் செடிகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல எழுதவைத்த ரும்ஃபியஸுக்கு ரோமானியர் ப்ளினியின் பெயர்.

இதில் நமக்குப் புதுமை ஒன்றும் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. அந்த வளைவுக்குள் எடுக்கப்பட்ட ‘வளையாபதி’க்கு வசனம் எழுதியவர் புதுச்சேரி கனக. சுப்புரத்தினம். நமக்கு அவர் பாரதிதாசன். அவரைப் பின்பற்றிய ராஜகோபாலன் தன்னைச் சுப்புரத்தினதாசன் என்று சொல்லி, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். ஒரு பெயருக்குள் இன்னொரு பெயர், அதற்குள் இன்னொன்று. ஜெர்மன் கழகம் ‘இரண்டாம்’ என்று அருகில் நாற்காலி போடுகிறது. நம் ஆட்கள் ‘தாசன்’ என்று காலடியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஜெர்மன் பெயரைக் கழகம் கொடுத்தது, தமிழ்ப் பெயரை அவரவரே எடுத்துக்கொண்டார்கள் என்பது இன்னொரு வித்தியாசம். எது உசத்தி என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. ஆனால் கழகம் கொடுத்த பெயரில் லின்னேயஸை இன்று யாரும் கூப்பிடுவதில்லை. பாரதிதாசனை வேறு பெயரில் கூப்பிட்டால்தான் யார் என்று கேட்பார்கள்.

செடிக்கு ஆள் பெயர் வைக்கும் கலையில் லின்னேயஸுக்குக் குறும்பும் உண்டு. நம் வயல் வரப்பில் ஈரம் கண்ட இடமெல்லாம் படரும் கானாவாழையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நீல இதழ்கள் எடுப்பாக விரிந்திருக்கும். மூன்றாவது இதழ் கீழே சின்னதாக, வெளிறிப்போய், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். அதன் பேரினமான கொம்மெலினா என்ற பெயர் நெதர்லாந்தின் கொம்மெலின் குடும்பத்துக்கு. மூன்று பேரில் இருவர் பேர்பெற்ற தாவரவியலாளர்கள், மூன்றாமவர் எதுவும் சாதிக்கும் முன்பே இறந்துவிட்டார் என்று லின்னேயஸே விளக்கம் எழுதினார். எடுப்பான இருவரில் ஒருவரான யான் கொம்மெலின்தான் ‘ஹார்டஸ் மலபாரிகஸ்’ தொகுதிகள் சிலவற்றுக்கு உரைக்குறிப்பு எழுதியவர். மந்தாரையின் பௌஹினியாவும் இப்படித்தான், இரட்டை மடல் இலை பௌஹின் சகோதரர்கள் இருவருக்கு. தாவரத்தின் உடம்பையும் ஆளின் வாழ்க்கையையும் இப்படிப் பொருத்திய பெயர்கள் குறைவு. பெரும்பாலும் நன்றி, நட்பு, சில நேரம் காரியம் ஆக வேண்டிய பெரிய மனிதர்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறைக்கே ஓர் ஆள் பெயர்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் எந்தப் பாறையோ, அதே வகைக்கு 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். சார்னாக் கல் உடைத்தவரும் இல்லை, ஆராய்ந்தவரும் இல்லை. செத்துப்போய் அதன் கீழே படுத்திருந்ததுதான் அவர் செய்த பங்களிப்பு.

கோவிந்தூயா

ஆள் பெயர்களைப் பற்றி எனக்கு இருந்த எண்ணத்தைத் திருப்பிப் போட்டது வைட்டின் ஆறாவது தொகுதி. அவருடைய 2101 தட்டுகளுக்குப் பின்னால் வரைந்த கைகளாக முக்கியமாக இருவரைச் சொல்ல வேண்டும். முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. வெட்டிய பூவின் உள்ளே சூல் எத்தனை அறை, மகரந்தம் எந்தப் பக்கம் திறக்கிறது, விதை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து வரைந்தவர்கள். தட்டின் அடியில் பெயரோடு ‘டெல்’ என்ற லத்தீன் சுருக்கம் இருக்கும். ‘டெலினியாவிட்’, வரைந்தார். பக்கத்தில் கல்லச்சில் ஏற்றியவருக்கு ‘லித்’. பலர் அந்த மூன்றெழுத்தை அச்சகத்தின் குறி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். யார் வரைந்தார் என்பதற்கு அந்த மூன்றெழுத்துதான் சாட்சி.

1853இல், தொடரின் கடைசித் தொகுதியில், வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று பெயர் வைத்தார். சம்பளத்துக்கு வரைந்த ஓவியருக்கு, அதிலும் உள்ளூர்க்காரருக்கு, துரைமார்களுக்கும் பேராசிரியர்களுக்கும் கொடுக்கும் அதே உயரத்தில் மரியாதை. விதிப்படி சரியாக அச்சேறிய பெயர். நிற்கவில்லை. அந்த ஆர்க்கிட் 1833இலேயே லிண்ட்லி வெளியிட்டிருந்த ட்ரொபீடியா என்ற பேரினத்துக்குள் அடங்கும் என்று ஆனது. முதலில் வெளிவந்த பெயருக்கே முன்னுரிமை. 20 ஆண்டு பிந்திய கோவிந்தூயா இணைப்பெயர்ப் பட்டியலுக்குள், அதாவது வழக்கில் இல்லாத மறுபெயர்களோடு, போய்விட்டது.

இதை வெள்ளைக்காரர் செய்த சதி என்று சொல்ல முடியாது. தமிழ் ஆங்கில அகராதி தொகுத்த தரங்கம்பாடி ராட்லருக்கும் இதே கதி. கபிலப்பொடி என்ற சாயப்பொடி தரும் மரத்துக்கு ராக்ஸ்பர்க் வைத்த ராட்லெரா டிங்க்டோரியா என்ற பெயர் இன்று மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ். அதே விதி, மல்லோட்டஸ் முந்தியது. ஆனால் விளைவு ஒன்றல்ல. ராட்லருக்கு அகராதி இருக்கிறது, அவர் சேகரித்த உலர்செடிகள் இருக்கின்றன. வைட்டுக்கு வைட்டியா என்ற பேரினமும், தென்னிந்தியாவெங்கும் ‘வைட்டிஇ’ என்று முடியும் இனச்சொற்களும் இருக்கின்றன. கோவிந்துவுக்குக் கிடைத்த பெரிய மரியாதை விதியால் விழுந்தபோது பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் இன்னொரு கிளை இல்லை.

விழுந்த பெயர் என்ன ஆகும் என்பதில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கோவிந்தூயா என்ற சொல்லை இனி வேறு எந்தத் தாவரப் பேரினத்துக்கும் வைக்க முடியாது. ஒருமுறை முறையாக அச்சேறினால் அந்த இடம் அடைபட்டதுதான், இணைப்பெயராகக் கிடந்தாலும் சரி. இரண்டாவது, பெயர் சாகவில்லை. வைட் விவரித்த மூலமாதிரி (பெயருக்கு ஆதாரமான செடி) இருக்கும் கூட்டத்தை யாராவது பிற்காலத்தில் ட்ரொபீடியாவிலிருந்து தக்க காரணத்தோடு பிரித்தால், பழைய பெயர் எழுந்து வந்தாக வேண்டும். இப்படி எழுந்து வந்ததற்கு இந்த மலையிலேயே உதாரணம் உண்டு. ஏற்காட்டில் குடியிருந்து 1889இல் இறந்த டாக்டர் ஜான் ஷார்ட்டின் பெயரால் பெடோம் 1863இல் ஒரு மண்ணுள் வாழும் கேடயவால் பாம்புக்கு ஷார்ட்டிஇ என்று வைத்தார். அது வேறொரு பாம்பேதான் என்று நெடுங்காலம் சேர்த்து வைத்திருந்தார்கள். அண்மைக் காலத்தில்தான் தனி இனமாக மீட்டார்கள், பெயரும் கூடவே வந்தது. மூன்றாவது, பேரினம்தான் அடைபட்டது, இனச்சொல் இல்லை. புதிதாக ஒரு செடியை விவரிப்பவர் ‘கோவிந்தூஇ’ என்று வைக்க எந்தத் தடையும் இல்லை.

பின்னொட்டில் தொலையும் ஆட்கள்

வைப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் பெயர் மெய்யெழுத்தில் முடிந்தால், ஆணுக்கு லத்தீன் எழுத்தில் இரண்டு ‘ஐ’ சேர வேண்டும். வைட், வைட்டிஇ. முருகன், முருகனிஇ. உயிரெழுத்திலோ ‘எர்’ ஒலியிலோ முடிந்தால் ஒரே ‘ஐ’. ஹூக்கர், ஹூக்கெரி. ராமசாமி என்பதன் கடைசி ‘ஒய்’யும் இங்கே உயிரெழுத்துதான், அதன் பின்னால் ஒரு ‘ஐ’ போதும். பெண்ணானால் ‘ஏ’. செல்வி, செல்வியே. ‘ஆ’வில் முடிந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘ஏ’தான். கமலாவும் ராஜாவும் ஒரே வால் கட்டிக்கொள்வார்கள், ராஜாவை யாராவது பெண் என்று நினைத்தால் வருத்தப்படக் கூடாது. மலர் என்ற பெண்ணுக்கு விதிப்படி மலரியே என்று வரும். ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், மலேரியாக் கிருமியின் இனச்சொல்லே வந்து நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் உரிச்சொல்லாக மாற்றி ‘இயானா’ என்று முடித்துவிடலாம். ஆனால் உரிச்சொல் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப மாறும்: வைட்டியானா, வைட்டியானஸ், வைட்டியானும். வைட்டிஇ மட்டும் எங்கே போனாலும் மாறாது. ஊர்ப்பெயருக்கும் இதே தலைவலி உண்டு. கேம்பிள் விவரித்த சேர்வராயன் மலை மரம் வெர்னோனியா ஷெவராயென்சிஸ். அது ‘டென்ட்ரோபியம்’ மாதிரி ‘உம்’மில் முடியும் பேரினமாக இருந்திருந்தால் ஷெவராயென்ஸே என்று ஆகியிருக்கும்.

தாவரவியலில் ஒரு ‘ஐ’ விட்டுப்போனால் பின்னால் வருபவர் திருத்திவிட வேண்டும் என்பது விதி. விலங்கியலில் முதலில் அச்சானபடியே விட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் பல்லிப் பெயரையும் செடிப் பெயரையும் ஒரே அளவுகோலில் ‘சரிசெய்கிறார்கள்’.

தமிழ் எழுத்தில் எழுதும்போது வேறொரு பள்ளம். இங்கிலீஷ் உச்சரிப்பைப் பின்பற்றி ‘ஹூக்கரை’ என்று எழுதினால் ஹூக்கரை என்ன செய்தார்கள் என்று வாசகர் காத்திருப்பார். நம் இரண்டாம் வேற்றுமை உருபு வந்து வழியை மறிக்கிறது. லத்தீன் ஒலியில் ஹூக்கெரி, கோனிகிஇ என்று எழுதுவதே நல்லது. பார்க்கக் கொஞ்சம் விநோதமாக இருக்கும், பழகிவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது இனிஷியல் தவறு. எஸ். முருகன் என்பவர் வெளிநாட்டு இதழில் எழுதும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பியிருப்பார். அதைப் பார்த்து இனச்சொல் செய்பவர் மகனுக்கு நன்றி சொல்ல நினைத்து அப்பா சுப்பிரமணிக்கு மாலை போட்டுவிடுவார். அச்சேறிய பிறகு ‘அப்பா பேர் வந்துவிட்டது’ என்ற காரணத்துக்காகப் பெயரை மாற்ற முடியாது. கையெழுத்துப் படி போவதற்கு முன்பே, உங்களை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

காலனிய ஆட்களின் பெயரையெல்லாம் நீக்க வேண்டும் என்ற குரலும் இப்போது பலமாகக் கேட்கிறது. 2024இல் மாட்ரிட் தாவரவியல் மாநாட்டில் ‘காஃப்ரா’ என்ற இழிசொல்லை ஒட்டிய இனச்சொற்களை ‘அஃப்ரா’ என்று மாற்ற வாக்களித்தார்கள். 2026 முதல் வெளியாகும் புதுப் பெயர்கள் யாரையாவது இழிவுபடுத்தினால் தள்ளுபடி செய்யவும் வழி வகுத்தார்கள். இழிசொல்லை எடுப்பது சரி. ஆனால் கோனிக்கையும் வைட்டையும் எடுத்துவிட்டால் கோவிந்துவுக்கு இடம் கிடைத்துவிடும் என்று நினைப்பது கணக்குத் தெரியாத பேச்சு. காலியான இடத்துக்கு யாரும் தானாக வந்து உட்காரப் போவதில்லை. இந்த மலையில் எந்தச் செடி எந்தச் சரிவில் எந்த மாதம் பூக்கும் என்று காட்டிக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் ‘உள்ளூர் உதவியாளர்’ என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். புதுச் செடி விவரிக்கும் அடுத்த ஆள், அந்த வரியில் இருப்பவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, இனச்சொல்லாக வைக்கட்டும். பேரினம் வேண்டாம்.

பலகைக்கு வருகிறேன். மேலே பெரிதாகத் தமிழ்ப் பெயர், அந்த ஊரில் வழங்குகிற பெயர். அதன் கீழே லத்தீன் பெயர் சாய்வெழுத்தில், ஆசிரியர் சுருக்கம் நேரெழுத்தில். முதற்சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், இனச்சொல் ஆள் பெயராகவே இருந்தாலும் சின்ன எழுத்து. மூன்றாவதாக ஒரே ஒரு தமிழ் வரி: ‘கோனிக், தரங்கம்பாடி மருத்துவர், 1768இல் வந்தவர்’. அந்த வரிக்கு இடமில்லை என்பார்கள். பலகையின் அடியில் நன்கொடையாளர் பெயருக்கு ஒதுக்கிய அகலத்தில் பாதி போதும். லத்தீன் வரியை மட்டும் தனித் தகடாகச் செய்து திருகாணியில் மாட்டுங்கள். பேரினம் மறுபடி மாறும்போது முழுப் பலகையையும் கழற்ற வேண்டியிருக்காது.